பனிக்கால வாத்து வேட்டை: ஆர்கன்சாவில் புதிதாக இறங்குபவர்களுக்கு

கனடாவின் புல்வெளிக் குட்டைகளிலும் அமெரிக்காவின் டகோட்டா மாநிலங்களிலும் கோடையில் குஞ்சு பொரிக்கும் வாத்துகளில் பெரும் பகுதி, குளிர் தொடங்கியதும் மிசிசிப்பி ஆற்றை ஒட்டித் தெற்கே வலசை வருகிறது. அவை பெருங்கூட்டமாகத் தங்கும் இடங்களுள் கிழக்கு ஆர்கன்சா முதன்மையானது. அமெரிக்க நெல் விளைச்சலில் ஏறக்குறையப் பாதியைத் தரும் மாநிலம் இது. ஸ்டட்கார்ட் என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள சமவெளியில், அறுவடை முடிந்த வயல்களில் தாளோடு நீர் தேக்கி வைக்கிறார்கள். ஆற்றோர ஓக் காடுகளில் குளிர்கால நீர் முழங்கால் முதல் இடுப்பு வரை ஏறி நிற்கிறது. சிந்திய நெல்லும் உதிர்ந்த ஓக் கொட்டையும் அருகருகே கிடைப்பதால் வாத்துகள் இங்கே வருகின்றன. வாத்துகளைத் தேடி நாடெங்கிலும் இருந்து வேட்டைக்காரர்கள் வருகிறார்கள்.

புதிதாக வருபவர்கள் எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் அவர்களுக்கு முதலில் காட்டுவது வானிலை வரைபடத்தை. விலை குறைந்த துப்பாக்கியோடு சரியான நாளில் சரியான நீரில் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவருக்கு வாத்து கிடைக்கும். எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, காற்றசையாத வெயில் நாளில் நேற்று மற்றவர்கள் சுட்டுக் கலைத்த குளத்தில் போய் உட்கார்ந்தவருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே இக்கட்டுரையின் பெரும்பகுதி வானிலையைப் பற்றியது.

முதலில் காகித வேலை

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு வாத்துகளை வேட்டையாடுவது குற்றம். பள்ளிக்கரணைக்கும் கோடியக்கரைக்கும் வருகிற ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் அதே இனப் பறவைகளாக ஆர்கன்சாவுக்கும் வருகின்றன. ஆனால் இங்குள்ள சட்டம் வேறு. கீழே சொல்வது அனைத்தும் அமெரிக்காவுக்கு மட்டுமே பொருந்தும்.

முதல் படி, மாநில அரசு அங்கீகரித்த வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி. 1969ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஆர்கன்சாவில் இதை முடித்திருக்க வேண்டும். பிறகு மாநில வேட்டை உரிமம், மாநில நீர்ப்பறவை அனுமதி, வலசைப் பறவை வேட்டைக்காரராகப் பெயர் பதியும் எச்.ஐ.பி. பதிவு ஆகியவற்றைப் பெற வேண்டும். 16 வயது நிறைந்த ஒவ்வொருவரும் கூட்டரசின் டக் ஸ்டாம்பையும் வாங்க வேண்டும். 1934இல் 1 டாலருக்குத் தொடங்கிய இந்த முத்திரையின் விலை இப்போது 25 டாலர்; அதில் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. வேட்டைக்குப் போகாதவர்களும் வாங்க வேண்டிய முத்திரை இது என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் பறவை பார்ப்பவர்கள் போய் நிற்கும் பல நீர்நிலைகள் இந்தப் பணத்தில்தான் மிஞ்சியிருக்கின்றன.

நம்மவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எச்-1பி போன்ற குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது அந்தத் தடைக்கான விதிவிலக்குகளுள் ஒன்று. அதனால் உரிமம் கைக்கு வருமுன் நண்பருடைய துப்பாக்கியை வாங்கிப் பழகிப் பார்ப்பதும் சிக்கலாகலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் நிலை எதுவென்று குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே துப்பாக்கியைத் தொடுங்கள். குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது இதில் சிறு பிசகும் வேண்டாம்.

வாத்து என்ன கணக்குப் போடுகிறது

எல்லா வாத்துகளும் வானிலையைப் பார்த்துப் புறப்படுவதில்லை. நீலச் சிறகு டீல் என்னும் சிறு வாத்து, பகல் குறையத் தொடங்கியதுமே, குளிர் வருமுன் ஆகஸ்டு, செப்டம்பரில் தெற்கே கிளம்பிவிடும். வேட்டைக்காரர்கள் அதிகம் தேடும் மல்லார்டு இதற்கு நேர்மாறு. உண்ணத் தானியமும் இறங்கத் திறந்த நீரும் இருக்கும்வரை அது வடக்கிலேயே தங்கும். மல்லார்டு எப்போது கிளம்பும் என்று கணிக்க ஆய்வாளர்கள் வகுத்த குறியீடு ஒன்று நான்கு அளவுகளைக் கூட்டுகிறது: அன்றைய சராசரி வெப்பநிலை, அது தொடர்ந்து உறைநிலையிலோ அதற்குக் கீழோ நீடித்த நாள்கள், தரையில் கிடக்கும் பனியின் ஆழம், பனி தொடர்ந்து மூடியிருந்த நாள்கள். ஓரிரவுக் குளிர் மல்லார்டைக் கிளப்பாது. குளங்கள் உறைந்து, சோளக்காடுகளைப் பனி மூடி, அந்த நிலை சில நாள்கள் நீடித்தால்தான் அது இடம் பெயரும்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம், உங்கள் ஊர் வானிலையை மட்டும் பார்க்காதீர்கள் என்பது. ஸ்டட்கார்டில் இதமான வெயில் அடித்தாலும், ஐயோவாவிலும் மிசௌரியிலும் பனி கொட்டி நீர்நிலைகள் உறைந்தால் இரண்டொரு நாளில் புதுக்கூட்டம் உங்கள் தலைக்கு மேல் வரும். மாறாக, இங்கே நடுங்கும் குளிராக இருந்தும் வடக்கே நீர் திறந்திருந்தால், முன்பே வந்து தங்கிய, சுடப்பட்டுப் பழகிய வாத்துகளைத்தான் காண்பீர்கள். வாத்தை ஈர்க்க வேட்டைக்காரர்கள் நீரில் மிதக்க விடும் வாத்துப் பொம்மைகளை அவை நன்றாகவே அறிந்துவிட்டவை. நவம்பர் நடுவிலிருந்து நாள்தோறும் ஆர்கன்சா, மிசௌரி, ஐயோவா, மின்னசோட்டா என்று தெற்கிலிருந்து வடக்காக வெப்பநிலையையும் பனி மூடலையும் குறித்து வைக்கும் பழக்கம், விலையுயர்ந்த எந்தக் கருவியையும்விடப் பயன் தரும்.

குளிர் வளிமுகத்தைப் படிப்பது

பனிக்கால வேட்டையின் நாடி குளிர் வளிமுகம். வடமேற்கிலிருந்து கனத்த குளிர்காற்று இறங்கி, முன்னால் இருக்கும் வெதுவெதுப்பான காற்றை மேலே தள்ளிக்கொண்டு வரும் எல்லைக்கோடு அது. அது நெருங்கும்போது காற்றழுத்தம் இறங்கும், தெற்குக் காற்று வீசும், மேகம் திரளும், மழையும் வரலாம். கடந்து போனதும் காற்று சட்டென வடமேற்குக்குத் திரும்பும், அழுத்தம் ஏறும், வானம் தெளியும், குளிர் இறங்கும். இந்த நிகழ்வை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

வளிமுகம் வருவதற்கு முந்தைய நாள், ஏற்கெனவே இங்கிருக்கும் வாத்துகள் வரப்போகும் குளிருக்கு முன் நன்றாக மேயும். இறங்கும் அழுத்தத்தை அவை உணர்கின்றன என்று வேட்டைக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்; காரணம் எதுவானாலும், அந்த நாளில் வயல்களில் நடமாட்டம் கூடுகிறது. அன்று வயலோர வேட்டை நல்லது.

வளிமுகம் கடக்கும் நாளில் காற்று பலமாக வீசும். பெரிய ஏரியின் நடுவில் அலையாடும் நீரில் வாத்துகள் தங்காமல், மரங்களுக்குப் பின்னும் வளைவுகளிலும் காற்று படாத மூலைகளைத் தேடும். நாள் முழுதும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், ஒதுங்கிய சிறு நீர்நிலையில் உட்கார்ந்தால் நண்பகல் வரை வாய்ப்பு வரும். படகை ஏரியில் இறக்கக் கூடாத நாளும் இதுவே.

கடந்து போன இரவுதான் வலசை. முதுகுக்குப் பின்னால் வடகாற்று, தெளிந்த வானம், ஏறும் அழுத்தம் என்னும் மூன்றும் கூடிய இரவில் வாத்துகள் நூற்றுக்கணக்கான மைல் பறக்கின்றன. 1995 நவம்பர் தொடக்கத்தில் கனடாவிலும் வட மாநிலங்களிலும் கடுங்குளிர் திடீரென இறங்கியபோது புறப்பட்ட கூட்டம் விமான நிலைய ரேடார் திரைகளையே நிரப்பியது. மறுநாள் விடியலில் காணும் வாத்துகள் களைத்தவை, பசித்தவை, அந்த இடத்துக்குப் புதியவை. பொம்மைகளைக் கண்டதும் இறங்கிவிடும். ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுக்க முடியும் என்பவருக்கு நான் சொல்வது இந்த நாளைத்தான். அதற்கு அடுத்த நாள் அழுத்தம் உச்சத்தில் இருந்து, காற்று நின்று, வானம் நீலமாகத் துலங்கினால் வாத்துகள் உயரத்திலேயே பறந்து பாதுகாப்பான நீரில் ஓய்வெடுக்கும். அன்று வேட்டையை விட்டு, தொலைநோக்கியோடு மாலையில் போய் அவை எந்த வயலில் இறங்குகின்றன என்று பாருங்கள். இரவில் தங்கும் நீரில் மட்டும் சுடாதீர்கள். அங்கே தொல்லை கொடுத்தால் அந்த வட்டாரத்தையே விட்டுப் போய்விடும்.

காற்றும் வெளிச்சமும்

வாத்து காற்றை எதிர்கொண்டே இறங்கும். இதை நினைவில் வைத்தால் பொம்மைகளை எங்கே மிதக்க விடுவது, எங்கே மறைவது என்பதெல்லாம் தானே விளங்கும். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசட்டும். பொம்மைகள் உங்களுக்கு முன்னால், நடுவில் ஒரு வெற்றிடம் விட்டு, ஆங்கில ஜே அல்லது யூ எழுத்து வடிவில் நிற்கட்டும். வாய்ப்புறம் காற்று போகும் திசையைப் பார்த்திருக்கட்டும். வருகிற வாத்து அந்த வெற்றிடத்தில்தான் இறங்கும், அதன் நடுப்பகுதி உங்களிடமிருந்து 25 கஜத்துக்குள் இருக்க வேண்டும். பழகியவர்கள் காற்று பக்கவாட்டில் வருமாறு உட்கார விரும்புகிறார்கள், ஏனென்றால் அப்போது இறங்கும் வாத்தின் பார்வை நேராக உங்கள் மறைவிடத்தில் விழாது. மணிக்கு 10 முதல் 15 மைல் வேகக் காற்று மிக நல்லது; அது பொம்மைகளை அசைக்கிறது, உங்கள் சிறு ஓசைகளை மறைக்கிறது. காற்றே இல்லாத நாளில் அசையாத பொம்மைகள் வாத்தை எச்சரிக்கும். அப்போது இரண்டு பொம்மைகளைக் கயிற்றில் கட்டி இழுத்து நீரில் வளையங்கள் எழுப்புங்கள், அல்லது காலால் நீரை உதையுங்கள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, திறந்த வயலுக்கும் காட்டுக்கும் விதி தலைகீழ். வயலில் மேகமூட்டம் நல்லது: உங்கள் நிழல் விழாது, முகம் மின்னாது, வாத்துகள் தாழப் பறக்கும். நீர் நிற்கும் ஓக் காட்டிலோ வெயில் வேண்டும். மரத்தின் நிழலில் ஒட்டி நிற்பவர் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி மற்றதையும் மறைக்கிறது. ஸ்டட்கார்டுக்கு அருகே, 33,000 ஏக்கருக்கு மேல் பரந்த பயூ மீட்டோ பொது வேட்டைப் பகுதியில், மேகம் மூடிய நாளில் மரத்துக்கு மரம் சுற்றிவிட்டு இறங்காமல் போகும் மல்லார்டு, வெயில் ஏறியதும் கிளைகளுக்கு நடுவே இறங்குவதைக் காணலாம். சிறகுகளை வளைத்துப் பிடித்து, ஆரஞ்சு நிறக் கால்களை முன்னால் நீட்டி, இடமும் வலமும் சாய்ந்து காற்றைச் சிந்தியபடி அது இறங்கும். சாய்வு நின்று கால்கள் நீண்டுவிட்டால் அது முடிவு செய்துவிட்டது என்று பொருள்.

மூடுபனி வேறு வகை. வாத்துகள் தாழ்ந்தும் குறைவாகவும் பறக்கும். ஒலியை நம்பி வரும். ஆனால் எதிரில் யார் இருக்கிறார்கள் என்பதும், பறப்பது எந்த இனம் என்பதும் தெரியாது. தெளியும்வரை துப்பாக்கியில் தோட்டா ஏற்றாமல் இருப்பதே முறை.

உறைபனி, மழை, வெள்ளம்

குளிர் முற்றும்போது வாத்தின் தேவை மாறுகிறது. உடல் வெப்பத்தைக் காக்க மாவுச்சத்து வேண்டும் என்பதால் நெல்லையும் சோளத்தையும் தேடி வயலுக்குப் போகும். கடுங்குளிரில் விடியலில் மட்டுமன்றி நண்பகலிலும் மேயும். ஆழமில்லாத குளங்கள் உறைந்ததும் ஓடும் ஆறுகளிலும் ஊற்று நீரிலும் கூட்டமாகச் சேரும். அப்போது திறந்த நீர் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் தேடுங்கள்.

உறைந்த குளத்தில் நீங்களே திறப்பு உண்டாக்கலாம். ஆழம் தெரிந்த, இடுப்புக்கு மேல் போகாத நீராக அது இருக்க வேண்டும். பனிக்கட்டியைத் துண்டு துண்டாக நொறுக்கி அங்கேயே மிதக்க விட்டால் அது நீர் போலத் தோன்றாது. பெரிய தகடுகளாக உடைத்து, ஒவ்வொன்றையும் ஓரத்தில் அழுத்தி, உறைந்த பரப்புக்கு அடியில் செருகிவிடுங்கள். கரிய, சுத்தமான நீர் தெரியும். பொம்மைகளின் முதுகில் படியும் உறைபனியையும் அவ்வப்போது துடையுங்கள். உயிருள்ள வாத்தின் இறகில் பனி அப்படி வெளுத்து மின்னுவதில்லை. அந்த மின்னலைக் கண்ட கூட்டம் சுற்றாமலேயே விலகிப் போகும்.

தூறல் நல்ல நாள். கனமழையில் பறப்பது குறையும். ஆனால் மழைக்குப் பிறகு ஆறுகள் ஏறி, இதுவரை காய்ந்திருந்த தாழ்ந்த நிலங்களில் மெல்லிய நீர்ப்படலம் பரவினால், வாத்துகள் பழைய இடங்களை விட்டு அங்கே சிதறும், ஏனென்றால் புதிதாக நனைந்த நிலத்தில் விதையும் புழுபூச்சியும் தீண்டப்படாமல் கிடக்கும். வறண்ட ஆண்டில் இதன் எதிர்மறை: நீர் உள்ள சில இடங்களில் வாத்தும் வேட்டைக்காரர்களும் நெருக்கியடிப்பார்கள். முழுநிலவில் வாத்துகள் இரவிலேயே மேய்வதால் காலை மந்தமாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கருவிகள், சட்ட வரம்புகள்

சிறு ரவைகளைச் சிதறச் சுடும் ஷாட்கன் ஒன்று, 12 அல்லது 20 கேஜ் (குழலின் அகல அளவு) உள்ளது, போதும். தோட்டா அடுக்கும் குழலிலும் சுடும் உள்ளறையிலும் சேர்த்து 3 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பு இருக்க வேண்டும். ஈய ரவைத் தோட்டாவை வாத்து வேட்டையில் பயன்படுத்துவது 1991 முதல் நாடு முழுவதும் தடை. சேற்றில் விழுந்த ஈய ரவையைச் சரளைக்கல் என்று விழுங்கி வாத்துகள் நஞ்சேறி இறந்ததே காரணம். எஃகு ரவையில் 2 அல்லது 3ஆம் எண் அளவு தொடக்கத்துக்கு ஏற்றது. எஃகு இலேசானதால் விரைவில் வேகம் இழக்கும். 35 கஜத்துக்கு அப்பால் சுடாதீர்கள். எட்டாத உயரத்தில் சுடுவது காயப்பட்ட வாத்தை எங்கோ சாகவிடும் செயல், சுற்றியுள்ளவர்களின் காலையையும் அது கெடுக்கும்.

தானியம் தூவிக் கவர்வதும், மின்னணு ஒலிபெருக்கியால் அழைப்பதும், உயிருள்ள வாத்தைக் கட்டி வைத்து ஈர்ப்பதும், மோட்டார் ஓடும் படகிலிருந்து சுடுவதும் குற்றம். தானியம் தூவிய இடத்திலிருந்து அதை முழுதும் அகற்றிய பிறகும் 10 நாள்களுக்கு அங்கே வேட்டையாட முடியாது. பொதுவான நேரம் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னிருந்து மறையும்வரை. ஆர்கன்சாவின் பல பொதுப் பகுதிகளில் நண்பகலோடு முடிந்துவிடும். அண்மை ஆண்டுகளில் மிசிசிப்பி வலசைப் பாதையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 வாத்துகள். அவற்றுள் மல்லார்டு 4க்கு மேல் கூடாது, அதிலும் பெட்டை 2க்கு மேல் கூடாது. இவை ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால் ஆர்கன்சா கேம் அண்ட் ஃபிஷ் கமிஷனின் அந்த ஆண்டுக் கையேட்டைப் படியுங்கள்.

வாத்தின் குரலை எழுப்பி அதை அழைக்கும் ஊதுகுழலைப் பழகுவது தனிக் கலை. ஸ்டட்கார்டில் 1936 முதல் வாத்து அழைப்பில் போட்டியே நடக்கிறது. தொடக்கத்தில் எளிய குவாக் ஒலி ஒன்றைச் சுத்தமாகக் கற்றால் போதும். வாத்து உங்களை நோக்கி வரும்போது ஊதாதீர்கள். வாலைக் காட்டித் திரும்பும்போது மட்டும் ஊதுங்கள்.

சுடுமுன் இனம் தெரிய வேண்டும். ஆண் மல்லார்டுக்குப் பச்சைத் தலை, மஞ்சள் அலகு. பெட்டை பழுப்பு, ஆரஞ்சு அலகில் கருந்திட்டு. உரத்த குவாக் பெட்டையுடையது, ஆணின் குரல் கரகரத்த மென்குரல். விடியலின் அரை வெளிச்சத்தில் நிறம் தெரியாது, உருவமும் குரலும் மட்டுமே துணை. ஐயம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

தண்ணீரில் உயிரைக் காத்தல்

1940 நவம்பர் 11 காலையில் மின்னசோட்டா வெதுவெதுப்பாக விடிந்தது. மெல்லிய மேலங்கியோடு மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளுக்குப் போன வேட்டைக்காரர்கள், திரள் திரளாக வந்த வாத்துகளைக் கண்டு மகிழ்ந்து அங்கேயே தங்கினார்கள். பிற்பகலில் புயற்காற்றோடு குளிர் விழுந்து, மழை பனியாகி, ஆறு கொந்தளித்தது. மின்னசோட்டாவில் மட்டும் 49 பேர் இறந்தனர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வாத்து வேட்டைக்குப் போனவர்கள். வாத்துகளைக் கொண்டு வரும் அதே வளிமுகம்தான் ஆளையும் கொல்கிறது என்பதால், வானிலை முன்னறிவிப்பை வாத்துக்காகப் படிக்கும்போதே உங்களுக்காகவும் படியுங்கள்.

உறைகுளிர் நீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு திணறும்; அதை அடக்குவதே முதல் வேலை. அடுத்த 10 நிமிடங்களுக்குத்தான் கைகால்கள் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரமாகும். இந்தக் கணக்கு லைஃப் ஜாக்கெட் அணிந்தவருக்கு மட்டுமே உதவும். படகில் அதைக் கழற்றாதீர்கள். மார்பு வரை ஏறும் நீர்புகா உடையை அணிந்தால் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள். விழுந்தால் உள்ளே நீர் புகுவதை அது தாமதப்படுத்தும். உள்ளே பருத்தி வேண்டாம், நனைந்தால் குளிரும். கம்பளி நனைந்தும் ஓரளவு சூடு தரும். மாற்றுடை, தீமூட்டி இரண்டையும் நீர்புகாப் பையில் வையுங்கள். எந்தத் துறையிலிருந்து எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். முதல் பருவத்தில் தனியாகப் போகவே வேண்டாம்.

சுட்ட பிறகு

விழுந்த வாத்தை அடுத்ததைச் சுடுமுன் எடுத்துவிடுங்கள். தேடாமல் விடுவது சட்டப்படியும் தவறு. வீடு சேரும்வரை இறகோடு கூடிய ஒரு சிறகோ தலையோ உடலில் இருக்க வேண்டும், இனம் அறிய அது தேவை. 2022 முதல் அமெரிக்கக் காட்டுப் பறவைகளிடம் பறவைக் காய்ச்சல் பரவலாகக் காணப்படுவதால், நோயுற்றதாகத் தோன்றும் அல்லது தானாக இறந்து கிடக்கும் பறவையைத் தொடாதீர்கள். சுத்தம் செய்யும்போது கையுறை அணிந்து, கத்தியையும் பலகையையும் கிருமிநீக்கி கொண்டு கழுவுங்கள். வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் அந்த உடையோடு கொட்டகைக்குள் போகக் கூடாது.

நெஞ்சுக்கறியை விரலால் அழுத்திப் பார்த்து ரவைகளை எடுத்துவிடுங்கள். எஃகு ரவை பல்லை உடைக்கும். நெல் மேய்ந்த மல்லார்டின் கறி ஆட்டுக்கறியைப் போலச் சிவந்து, வாடையில்லாமல் இருக்கும். இரவு முழுதும் உப்பு நீரில் ஊறவைத்து, சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்து வறுக்கலாம். உட்புற வெப்பம் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 74 டிகிரி செல்சியஸை எட்டியதை வெப்பமானியால் பார்த்துவிட்டு இறக்குங்கள்.